எடை குறைந்த பின் தொங்கும் தோல்: ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

கேட்டவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுப் பெண்மணி. வயது 39, உயரம் 158 சென்டிமீட்டர். இரண்டு வருடத்துக்கு முன்னால் 112 கிலோ இருந்தபோது இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டார். இப்போது 68 கிலோ. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, முழங்கால் வலி போய்விட்டது. ஆனால் அடிவயிற்றுத் தோல் மடிந்து தொடை மேல் விழுகிறது. வெயில் காலத்தில் மடிப்புக்குள் புண்ணாகிறது. கைச்சதை ஆடுகிறது என்று ஜாக்கெட்டை முழங்கை வரை தைத்துக்கொள்கிறார். ஒரு கிளினிக்கில், "எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துடலாங்க, தவணையில கட்டிக்கலாம்" என்றார்களாம். வீட்டில், "பொழைச்சு வந்ததே பெருசு, இனி அழகுக்கு எதுக்குக் கத்தி?" என்கிறார்களாம். உடற்பயிற்சியில் சரியாகுமா, ஆபரேஷன் தேவையா, தழும்பு எப்படி இருக்கும், எத்தனை நாள் ஓய்வு, இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்.

கோவையில் பிளாஸ்டிக் சர்ஜனாக இருக்கும் எனக்கு, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கமிருந்து இதே கேள்வியோடு வருகிறவர்களைத் தெரியும். ஆண்களும் வருகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உடற்பயிற்சியில் இது சரியாகாது, அம்மிணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நிறையப் பேர் தங்களைத் தாங்களே குறை சொல்லிக்கொண்டு வருகிறார்கள்: "இன்னும் கொஞ்சம் நடந்திருக்கணும், வயித்துப் பயிற்சியை விட்டுட்டேன், அதான் தொங்குது" என்று. அப்படி இல்லை. தோலுக்கு உறுதி கொடுப்பது கொலாஜன், இழுத்தால் திரும்ப வைப்பது எலாஸ்டின் என்ற நார்கள். பல வருடம் கொழுப்பு உள்ளிருந்து தள்ளியதில், அதற்கு மேல் இரண்டு பிரசவம் தள்ளியதில், அந்த நார்கள் அறுந்துபோயிருக்கும். பல தடவை துவைத்துக் கழுத்துத் தொய்ந்த பனியன் மறுபடி சுருங்காது, இதுவும் அப்படித்தான். பயிற்சி தசையை வளர்க்கும், தோலைச் சுருக்காது. எடை குறைந்த முதல் ஒன்றரை வருடத்தில் தோல் தானாகச் சுருங்குவது எவ்வளவோ அவ்வளவுதான். உங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது.

தேங்காய் எண்ணெய், பூசும் கிரீம், பச்சைப்பயறு மாவு எல்லாம் தோலை மென்மையாக வைத்துக்கொள்ளும், அவ்வளவே. சூடு கொடுத்து இறுக்கும் மெஷின்கள் லேசான தொய்வுக்குக் கொஞ்சம் உதவும். தொடை மேல் விழும் மடிப்பைத் தூக்கிவிடாது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று உங்கள் மாமியார் கொள்ளு ரசம் வைத்துத் தருகிறாராம். தாராளமாகக் குடியுங்கள், கொள்ளுப் பருப்பைக் கடைந்தும் சாப்பிடுங்கள், நல்ல புரதம். தோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

லைப்போசக்ஷன் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அது குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சும் முறை. உங்கள் வயிற்று மடிப்பில் இப்போது பெரும்பகுதி வெறும் தோல். உள்ளே இருக்கும் கொஞ்சக் கொழுப்பையும் உறிஞ்சிவிட்டால் இன்னும் தொளதொளப்பாகும். தோலை வெட்டி எடுக்கும்போது ஓரங்களைச் சீராக்க நாங்களும் அதைச் சேர்த்துச் செய்வதுண்டு. தனியாக அது மட்டும் போதும் என்று உங்கள் உடம்பைப் பார்த்துவிட்டு ஒருவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, ஆபரேஷன் தேவையா? உயிருக்குத் தேவை என்று சொல்ல மாட்டேன். செய்யாமலே நன்றாக வாழ்கிறவர்கள் ஏராளம். ஆனால் மடிப்புக்குள் மாசி பிறந்தால் சிவந்து, பங்குனியில் நாற்றமெடுத்து, சித்திரையில் வெடித்துப் புண்ணாகி நடக்கவே முடியாத ஒருவருக்கு இதை "அழகுக்கு" என்று சொல்வது அநியாயம். புண்ணே இல்லை, கண்ணாடியைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது என்றாலும் அதையும் நான் சிறிய காரணமாக நினைக்கவில்லை. 44 கிலோவைக் குறைத்தவர், அந்த உழைப்புத் தன் உடம்பில் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆசை உங்களுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கணவர் சொன்னார், கல்யாண வீட்டில் யாரோ ஏதோ சொன்னார்கள் என்பதற்காக வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த மடிப்பை இன்றைக்கே கவனியுங்கள். குளித்ததும் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மடிப்பைத் தூக்கிப் பிடித்து ஃபேன் காற்றில் உலர விடுங்கள். மடிப்புக்கு இடையில் சுத்தமான பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றை வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் "படை மருந்து" வேண்டவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், தோல் காகிதம் போல் மெலியும். தோல் மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டுகளைத் தேதிவாரியாக ஒரு பைலில் வையுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது வயிறு. இதில் இரண்டு மூன்று வகை உண்டு; பேசப் போகும்போது எது என்று தெளிவாகக் கேட்க வேண்டும். பானிக்குலெக்டமி என்பது தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுத்துத் தைப்பது. அப்டோமினோபிளாஸ்டி அதைவிடப் பெரியது: தோலை விலா எலும்பு வரை பிரித்து, பிரசவத்தாலும் எடையாலும் இரண்டு பக்கமாக விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுவில் சேர்த்துத் தைத்து, தோலைக் கீழே இழுத்து, தொப்புளுக்குப் புதிய துளை போடுவது. பின்பக்கமும் இடுப்பும் சேர்ந்து தொங்கினால் உடம்பைச் சுற்றி வட்டமாக வெட்டி எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதை பெல்ட் லைப்பெக்டமி என்பார்கள். மேல்வயிற்றிலும் தோல் அகலத்தில் மிச்சமிருந்தால் நடுவில் நெடுக்காக ஒரு கோடும் சேர்ந்து, தழும்பு தலைகீழான 'டி' எழுத்துப் போல் வரும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அப்டோமினோபிளாஸ்டி பொருந்தும் என்று தோன்றுகிறது. நேரில் நிற்க வைத்து, உட்கார வைத்து, குனிய வைத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. சிசேரியன் தழும்பு பிரச்சினை இல்லை. பெரும்பாலும் அது வெட்டி எடுக்கும் தோலோடு போய்விடும். ஆனால் முன்னே எப்போதாவது பித்தப்பைக்கு வலது விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்து ஆபரேஷன் செய்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்தத் தழும்பு தோலுக்கு வரும் ரத்த ஓட்டத்தை ஒரு பக்கம் துண்டித்திருக்கும். தெரியாமல் முழுதாகப் பிரித்தால் கீழ்ப்பக்கத் தோல் கருகிவிடலாம். தொப்புள் குடலிறக்கம் இருக்கிறதா என்றும் முன்கூட்டியே ஸ்கேனில் பார்க்க வேண்டும். அதிக எடை சுமந்தவர்களுக்கு அது சாதாரணம், மடிப்புக்குள் ஒளிந்திருக்கும்.

எடை குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். எடுக்கும் தோலும் கொழுப்பும் பெரும்பாலும் ஒரு சில கிலோதான். தொப்புளுக்குக் கீழிருக்கும் பிரசவ வரிகள் தோலோடு போகும், மேலே இருப்பவை போகாது, கொஞ்சம் கீழிறங்கி நிற்கும்.

தழும்பைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். இந்த ஆபரேஷனே ஒரு மாற்றிக்கொள்ளல்: தொங்கும் தோலைக் கொடுத்து நீளமான தழும்பை வாங்கிக்கொள்கிறீர்கள். ஒரு இடுப்பெலும்பு முனையிலிருந்து மறு முனை வரை, சிலருக்கு அதையும் தாண்டிப் போகும். முதல் மூன்று மாதம் சிவந்து தடித்து மோசமாகத் தெரியும். மங்கி, தட்டையாகி, இறுதி நிலைக்கு வர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். நம் மாநிறத் தோலில் தழும்பு கறுப்பது அதிகம், தடிப்பதும் அதிகம். உங்கள் காது, மூக்குக் குத்திய இடத்தையும், சின்ன வயதில் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பையும் பாருங்கள். அங்கே புடைத்து வளர்ந்திருந்தால் கீலாய்டு வரும் உடல்வாகு என்று அர்த்தம். அதை முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள். தையல் ஆறியபின் சிலிக்கான் ஜெல்லோ பட்டையோ சில மாதம் போட வேண்டியிருக்கும்.

நம் பெண்களுக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் பாவாடை நாடா. புடவை கட்டுகிறவர்களுக்கு நாடா இறுகும் கோடும் தழும்புக் கோடும் ஒன்றாக அமைந்தால் வருடக்கணக்கில் உரசி அரிக்கும். ஆகவே வெட்ட வேண்டிய இடத்தைக் குறித்துக் கோடு வரையும் நாளில் வழக்கமாகக் கட்டும் பாவாடையைக் கட்டிக்கொண்டு போங்கள். நாடா எங்கே வருகிறது என்று நின்றபடி காட்டுங்கள். பொதுவாக அதற்குக் கீழே, உள்ளாடை மறைக்கும் உயரத்தில் கோட்டை வைக்க முடியும். சுற்றி வெட்டும் முறையில் பின்பக்கத்தையும் கேளுங்கள். பின் இடுப்பில் நாடா தழும்பின் மேல் உட்கார்ந்து சிரமப்படுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

கைக்கான ஆபரேஷன் சுலபம், தழும்புதான் கஷ்டம். அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கமாக ஓடும். கையைத் தூக்கினால் தெரியும். முழங்கை வரை ஜாக்கெட் போடும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருப்பதால், "தழும்பை மறைக்கவும் அதே ஜாக்கெட்தான் போடணும் என்றால் எனக்கு என்ன லாபம்?" என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கை ஆடுவது நின்றாலே போதும் என்கிறவர்களுக்கு நல்லது. தொடையை உடனே செய்யாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். கவட்டுப் பக்கம் எப்போதும் ஈரம், உராய்வு. தையல் பிரிவது அங்கேதான் அதிகம், கால் வீக்கமும் வரலாம். மார்பைத் தூக்கி நிறுத்துவது வயிற்றைவிடச் சின்ன வேலை. ஆண்களுக்கு மார்பில் தொங்கும் தோலை எடுக்கும்போது காம்பை இடம் மாற்ற வேண்டியிருக்கலாம், உணர்ச்சி குறையும்.

"எல்லாம் ஒரே நாளில்" என்று சொன்னார்களே, அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆபரேஷன் மேசையில் நேரம் ஏற ஏற உடம்பு குளிர்கிறது, ரத்த இழப்பு கூடுகிறது, காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. இரண்டு பகுதிகளை ஒரே நேரத்தில் சேர்த்துச் செய்யும் அனுபவமிக்க குழுக்கள் இருக்கின்றன. ஆனால் வயிறு, கை, தொடை, மார்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் என்றால் படுக்க ஒரு பக்கம்கூட மிச்சமிருக்காது. எது உங்களை அதிகம் வதைக்கிறதோ அதை முதலில் செய்யுங்கள். குறைந்தது மூன்று நான்கு மாதம் கழித்து அடுத்ததைப் பற்றி யோசியுங்கள். வயிறு முடிந்ததும், "மத்தது இருக்கட்டுங்க, இது போதும்" என்று நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறைய.

இனி ஆபரேஷனுக்கு முந்திய மாதங்களைப் பற்றி. முடிவு நன்றாக வருமா என்பதில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

எடை நிலைத்து நிற்க வேண்டும். இரைப்பை ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் பொறுத்து, அதிலும் கடைசி ஆறு மாதமாவது எடை பெரிதாக ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும் என்பது என் வழக்கம். உங்களுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது; உயரத்துக்கான எடைக் கணக்கான பி.எம்.ஐ. 27 சொச்சம் வருகிறது. 30-க்குக் கீழே இருப்பது காயம் ஆறுவதற்கு நல்லது. கடைசி ஆறு மாத எடையை மட்டும் எழுதி வைத்துக் காட்டுங்கள். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், தைத்த தசை மறுபடி விலகும் என்பதால், பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

2025-ல் மவுஞ்சாரோ, வெகோவி போன்ற வாராந்திர ஊசிகள் இந்தியாவுக்கு வந்தபின் அவற்றால் மெலிந்தவர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பி ஏறுவது வழக்கம். ஆகவே இனி ஊசி தொடருமா, நிற்குமா என்று முடிவான பிறகே தோலைத் தொட வேண்டும். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்தும் உண்டு. மயக்க மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

உங்களைப் பொறுத்தவரை நான் அதிகம் கவலைப்படுவது ரத்தத்தைப் பற்றி. ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் பெரும்பகுதி போய்விட்டதால் அமிலம் குறையும். இரும்புச்சத்தும் பி12-உம் உடம்பில் சேர்வது குறையும். மாதவிடாயும் இருக்கிற வயது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, ஆல்புமின் (ரத்தத்திலுள்ள புரதம்) இவற்றை இப்போதே பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் முதலில் அதை ஏற்ற வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றலாம். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள். போட்ட கையோடு டீ குடிக்காதீர்கள்.

புரதம் நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். ஆபரேஷனை ஒட்டிய மாதங்களில் இன்னும் கூடுதலாக. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவு, 100 கிராம் கோழிக்கறியில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். சுருங்கிய வயிற்றுக்கு இரண்டு கரண்டி அரிசிம்பருப்பு சாதமே போதுமென்று ஆகிவிடும், ஆனால் அதில் பெரும்பகுதி அரிசி. எனவே தட்டில் முதல் வாய் முட்டையாகவோ கறியாகவோ பன்னீராகவோ பயறாகவோ இருக்கட்டும், சோறு கடைசியில். வீட்டில் மாடு இருக்கிறதென்று எழுதியிருக்கிறீர்கள், பாலும் தயிரும் பெரிய துணை.

பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எதுவானாலும் ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்னால் நிறுத்தி, பின்னாலும் நான்கு வாரம் தொடக் கூடாது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இழுத்துத் தைத்த தோலின் ஓரத்தைச் சாகடிக்கும். இது ஆண்களுக்காக எழுதுவது. "ரெண்டே ரெண்டுதாங்க" என்பதும் கணக்கில் சேரும். கர்ப்பத்தடை மாத்திரை, ஆஸ்பிரின், நாட்டு மருந்து, எடை குறைக்கும் பொடி எதைச் சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் இரண்டு மூன்று மணி நேரம், முழு மயக்கம். மருத்துவமனையில் சில நாள். அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நடக்க வைப்பார்கள். வலிக்கும், ஆனாலும் நடக்க வேண்டும். காலில் ரத்தம் உறையாமல் காப்பதில் நடைக்கு ஈடில்லை. தேவைப்பட்டால் ரத்தம் உறையாத ஊசியும் சில நாள் போடுவார்கள். முதல் ஒரு வாரம் குனிந்தபடியேதான் நடக்க முடியும். தூங்கும்போது தலைப்பக்கமும் முழங்காலுக்கு அடியிலும் தலையணை வேண்டும். நீர் வடியும் குழாய்கள் ஒன்றிரண்டு இருக்கும். ஒரு நாளில் வடிவது 30 மில்லி அளவுக்குக் குறைந்ததும் எடுப்பார்கள். அதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகலாம். கோபியிலிருந்து கோவைக்கு 80 கிலோமீட்டர் சொச்சம் பஸ்ஸில் போய் வருவது அப்போது கொடுமை. கோவையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் குழாய் எடுக்கும்வரை அங்கேயே தங்கிவிடுங்கள்.

இறுக்கிப் பிடிக்கும் உடுப்பை ஆறு வாரம் இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். திருப்பூர்க்காரர்கள் சிலர் "நம்ம பனியன் கம்பெனியிலயே தைச்சுக்கிறங்க" என்பார்கள். வேண்டாம், அழுத்தம் ஒரே சீராக இல்லாவிட்டால் மடிப்பு விழுந்த இடத்தில் தோல் புண்ணாகும். அளவெடுத்து மருத்துவமனை சொல்லும் உடுப்பையே இரண்டாக வாங்குங்கள், ஒன்றைத் துவைக்கும்போது மற்றது வேண்டும். இதற்காகவே வெயில் காலத்தைத் தவிர்க்கச் சொல்கிறேன். ஐப்பசி முதல் தை வரை நம் பக்கம் தோதான காலம்.

ஆறு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் கூடாது, தீவனக் கட்டு கூடாது, குத்துக்காலிட்டுப் பால் பீய்ச்சுவது கூடாது. ஸ்கூட்டியை மூன்று நான்கு வாரம் மறந்துவிடுங்கள். வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான். "செய்யலாமா வேண்டாமா" என்று கேட்டால் ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள். "விடியற்காலை நாலரை மணிக்கு மாட்டுக்கு யார் எழுந்திருப்பது?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும். பதில் கிடைக்காவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப் போடுங்கள். மூன்றாம் வாரமே வேலைக்கு இறங்கி, தைத்த தசை விட்டுப்போய், தோலுக்கடியில் நீர் கோத்துத் திரும்பி வந்த பெண்கள் எல்லோரும் வேலையில் பிரியப்பட்டு இறங்கியவர்கள் இல்லை. செய்ய வேறு ஆள் இல்லாதவர்கள்.

பெரியவர்கள் அன்பால் செய்யும் இரண்டு காரியங்களைத் தடுக்க வேண்டியிருக்கும். ஒன்று பத்தியம். முட்டை, கறி சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று ரசமும் சோறுமாகப் போடுவார்கள். காயம் ஆற வேண்டிய நேரத்தில் புரதத்தை நிறுத்துவது ஆறாமல் செய்வதற்குச் சமம். இன்னொன்று வெந்நீர் ஒத்தடம். தொப்புளுக்குக் கீழே பல மாதம் மரத்திருக்கும், சூடு தெரியாது. வெந்நீர்ப் பையால் தோல் வெந்து கொப்பளித்த பிறகுதான் தெரியவரும். அந்த இடத்தில் சூடு எதுவும் வேண்டாம்.

சிக்கல்கள் வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தோலுக்கடியில் நீர் கோப்பது, தையலின் நடுப்பகுதி கொஞ்சம் பிரிவது, லேசான தொற்று இவை அடிக்கடி வருபவை. நிறைய எடை குறைந்தவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வரும். கட்டுக் கட்டி, ஊசியால் நீரை எடுத்துச் சரிசெய்யக்கூடியவை, பொறுமையைச் சோதிக்கும். தோல் ஓரம் கருகுவது அரிது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அது உயிரைப் பறிக்கக்கூடியது.

பணம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விதிப்படி, தோற்றத்தை மாற்றும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைக்கவோ, உடலுக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்கத் தேவை என்று சிகிச்சை செய்யும் மருத்துவர் சான்று தந்தாலோ அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு, காப்பீடு கேட்கலாம். பைல் போட்டு வைக்கச் சொன்னது இதற்குத்தான். மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வரும் மடிப்புப் புண்ணுக்குப் போட்டோவும் சீட்டும் இருந்தால் மடிப்பை அகற்றும் பகுதிக்காவது கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் மறுப்பார்கள், ஆகவே முன் அனுமதியை எழுத்தில் வாங்காமல் அட்மிட் ஆகாதீர்கள். குடலிறக்கம் உண்மையிலேயே இருந்தால் அதற்கான பகுதி கிடைக்க வாய்ப்புண்டு. இல்லாத குடலிறக்கத்தை எழுதி வாங்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பின்னால் உங்கள் பாலிசியே ரத்தாகும். அழகுக்கான சர்ஜரி என்று கணக்கிட்டால் ஜி.எஸ்.டி.யும் சேரும், மதிப்பீட்டில் அது அடங்கியிருக்கிறதா, உடுப்பு, கூடுதல் நாள் தங்கல், தையல் பிரிந்தால் மறுபடி தைக்கும் செலவு அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். தவணைக் கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால் ஒரு வருடம் சேர்த்துவிட்டு வாருங்கள். தொங்கும் தோல் எங்கேயும் போகாது, ஒரு வருடத்தில் மோசமாகவும் ஆகாது.

கோவைக்கு இந்த விஷயத்தில் குறையில்லை. துண்டான விரலையும் கையையும் ஒட்டவைப்பதில் கங்கா மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவுக்கு வெளிநாடுகளிலும் பெயருண்டு. மற்ற பெரிய மருத்துவமனைகளிலும் தேர்ந்த சர்ஜன்கள் இருக்கிறார்கள். யாரிடம் போனாலும் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள். "காஸ்மெட்டிக்" என்று போர்டு போட எந்தப் பட்டமும் தேவைப்படுவதில்லை. பெயரை மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்க்கலாம். கத்தியைப் பிடிக்கப் போவது நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அதே ஆளா, முழுநேர மயக்க மருத்துவர் இருக்கிறாரா, ஐ.சி.யூ.வும் ரத்த வங்கியும் அதே கட்டிடத்திலா, இரவு இரண்டு மணிக்கு யாருக்குப் போன் செய்வது என்று கேளுங்கள். முன்பு செய்தவர்களின் போட்டோ காட்டினால் ஒரு மாதத்துப் படம் போதாது, ஒரு வருடத்துத் தழும்பைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் படத்தை உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதமில்லாமல் யாரும் விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

இன்னொரு விஷயம். எடை குறைந்தும் மனது பழைய உடம்பையே பார்த்துக்கொண்டிருப்பது உண்டு. 68 கிலோவில் இருந்துகொண்டு, பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் உட்காரத் தயங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கத் தோன்றுகிறது என்பவை சேர்ந்திருந்தால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். தோலை எடுத்ததும் இது தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி மேசையில் படுப்பவர்கள்தான் தழும்பைப் பார்த்து அதிகம் உடைந்துபோகிறார்கள்.

தங்கச்சி மகள் கல்யாணம் தையில் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்குள் முடித்துக்கொண்டு மெலிந்த இடுப்போடு போய் நிற்க ஆசை இருக்கும், புரிகிறது. ஆனால் சீர் வேலைக்கு நடுவே வடிகுழாயோடு நிற்க முடியாது. கல்யாணத்தை முடித்துவிடுங்கள். இந்த வாரமே ரத்தப் பரிசோதனையைக் கொடுங்கள். குறை இருந்தால் நிரப்ப மூன்று நான்கு மாதம் எடுக்கும். தோல் மருத்துவரைப் பார்த்துப் பைலைத் தொடங்குங்கள். வருகிற வெயிலை மடிப்பை உலர வைத்துக் கடந்துவிட்டு, அடுத்த ஐப்பசியை ஒட்டி நாள் குறிக்கலாம். முதல் சந்திப்புக்கு வரும்போது ஸ்லீவ் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆறு மாத எடைக் குறிப்பு, சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு, அப்புறம் உங்கள் பாவாடை ஒன்று, இவற்றை எடுத்து வாருங்கள். கணவரையும் கூட்டி வந்தால் மாட்டுக் கணக்கை அங்கேயே பேசி முடித்துவிடலாம்.